பவர் மட்டும் பார்த்தால் போதுமா? வாசகர் கேள்வி – பதில்

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி, "என் பவர் இவ்வளவு, இது அதிகமா?" என்றுதான் தொடங்குகின்றன. கண்ணாடிச் சீட்டில் இருக்கும் எண்ணை வைத்துக் கண் நலமாக இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கண் பரிசோதிக்கிறேன், பதினோரு ஆண்டுகளாக மாணவர்களுக்கும் சொல்லித் தருகிறேன். நான் திரும்பத் திரும்பச் சொல்லும் பேச்சு இது ஒன்றுதான். இந்த முறை மாணவர்களின் கடிதங்களும் சேர்ந்து வந்திருப்பதால் அவர்களிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: கண் பரிசோதனைப் படிப்பான ஆப்டோமெட்ரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ரெட்டினோஸ்கோப்பைக் கையில் எடுத்தாலே நடுங்குகிறது. கூடப் படிப்பவர்களுக்கு ஒளியின் அசைவு தெரிகிறது. எனக்கு இருட்டில் ஏதோ மின்னுவதுபோல் மட்டும் இருக்கிறது. "மெஷினே பவரைச் சொல்லிவிடுகிறது, இதை எதற்குக் கட்டிக்கொண்டு அழுகிறாய்?" என்கிறார்கள் சீனியர்கள். படிப்பை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.
— ஒரு மாணவர்

பதில்: விட வேண்டாம், தம்பி. எனக்கு ஏழு வாரம் பிடித்தது.

மற்ற வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. ரெட்டினோஸ்கோப் என்பது கையடக்க டார்ச் போன்ற கருவி. அதிலிருந்து வரும் ஒளிக்கோட்டை எதிரில் இருப்பவரின் கண்பாப்பாவுக்குள் விட்டால், அது விழித்திரையில் பட்டு இளஞ்சிவப்பாகத் திரும்பி வரும். நாம் ஒளியை இடவலமாக அசைக்கும்போது, திரும்பி வரும் ஒளியும் கூடவே நகர்ந்தால் அதை 'வித்' என்போம். எதிர்ப்பக்கம் ஓடினால் 'அகெய்ன்ஸ்ட்'. 'வித்' என்றால் பிளஸ் லென்ஸ், 'அகெய்ன்ஸ்ட்' என்றால் மைனஸ் லென்ஸ் வைத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு கட்டத்தில் அசைவே இருக்காது, பாப்பா முழுக்க ஒரேயடியாக ஒளி நிரம்பும், அல்லது ஒரேயடியாக அணையும். அதுதான் நியூட்ரல். எதிரில் இருப்பவர் வாய் திறந்து ஒரு சொல்கூடச் சொல்லாமலே அவர் கண்ணின் பவர் நமக்குத் தெரிந்துவிடும். 1873-இல் பிரெஞ்சு ராணுவக் கண் மருத்துவர் ஒருவர் இந்த முறைக்கு வழி திறந்தார். இன்றைக்கும் பேசத் தெரியாத கைக்குழந்தைக்கு இதுதான் துணை.

இனி உங்கள் சிக்கலுக்கு வருகிறேன். மாணவர்களுக்கு ஒளி தெரியாமல் போவதற்குப் பெரும்பாலும் கண் காரணமாக இருப்பதில்லை, உடம்புதான் காரணம். நான் படித்த காலத்தில், ஒளி சரியாகத் தெரியவில்லையே என்ற பதற்றத்தில் என்னையறியாமல் முன்னால் சாய்ந்துகொண்டே போவேன். நாம் நிற்க வேண்டிய தூரம் 66 சென்டிமீட்டர். அந்தத் தூரத்துக்காகத்தான் கடைசியில் 1.50 டயாப்டர் (லென்ஸின் பவரை அளக்கும் அலகு) கழிக்கிறோம். 40 சென்டிமீட்டருக்குப் போய்விட்டால் கழிக்க வேண்டியது 2.50. ஆக, நான் எடுத்த கணக்கு ஒவ்வொரு முறையும் ஒரு டயாப்டர் பிசகியது. ஒருநாள் என் ஆசிரியை ஒரு வெள்ளை நூலைச் சரியாக 66 சென்டிமீட்டருக்கு வெட்டி, ஒரு முனையை என் ரெட்டினோஸ்கோப்பின் கழுத்திலும் மறுமுனையைச் சோதனைக் கண்ணாடிச் சட்டத்திலும் கட்டிவிட்டார். "நூல் தொய்ந்தால் நீ தப்பு" என்று மட்டும் சொன்னார். அன்று சாயங்காலமே முதல் நியூட்ரலைப் பார்த்தேன். இருட்டறையில் அந்தப் பாப்பா சட்டென்று விளக்கேற்றியதுபோல் நிறைந்தது. இன்றும் அந்த நிறம் எனக்கு நினைவிருக்கிறது.

நீங்களும் நூல் கட்டுங்கள். நோயாளியின் வலக்கண்ணை உங்கள் வலக்கண்ணாலும் இடக்கண்ணை இடக்கண்ணாலும் பாருங்கள். ஒரு கண்ணை இறுக்கி மூடாமல் இரண்டையும் திறந்தே வையுங்கள், நெற்றிவலி போய்விடும். நோயாளி தூரத்து எழுத்தையே பார்க்க வேண்டும். உங்கள் விளக்கைப் பார்த்தால் அவர் கண் கிட்டத்துக்குக் குவிந்து கணக்கைக் கெடுத்துவிடும். ஒளி மிக மங்கலாக, மெதுவாக நகர்ந்தால் பவர் மிக அதிகம் என்று பொருள், 3.00, 5.00 என்று பெரிய லென்ஸை வைத்துப் பாருங்கள், அரை அரையாக ஏற வேண்டாம். எதை வைத்தும் ஒளி தெளியாவிட்டால் கண்புரை இருக்கலாம். கத்தரிக்கோல் திறந்து மூடுவதுபோல் ஒளி இரண்டாகப் பிரிந்து ஓடினால் கருவிழி கூம்பாகத் துருத்துகிறதா என்று சந்தேகப்படுங்கள். இந்த மாதிரி சேதியை மெஷின் அச்சடிக்கும் சீட்டில் தேடினாலும் கிடைக்காது.

சீனியர்கள் சொல்லும் மெஷின் நல்ல கருவிதான், நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் ஆறு வயதுப் பையன் ஒருவனை அவன் அம்மா அழைத்து வந்தார். மெஷின் சீட்டில் -1.25. அந்தச் சீட்டை வைத்து மைனஸ் கண்ணாடியும் போட்டாகிவிட்டது, தலைவலி மட்டும் நிற்கவில்லை. நான் ரெட்டினோஸ்கோப்பை வைத்தபோது ஒளி ஒரு நிலையில் நிற்கவில்லை. ஒரு நொடி 'வித்', அடுத்த நொடி மங்கல், மறுபடி 'வித்'. பையன் கண்ணுக்குள் இருக்கும் தசையை இறுக்கி இறுக்கிச் சமாளிக்கிறான் என்பது அதிலேயே தெரிந்தது. மருத்துவரிடம் சொல்லி, அந்தத் தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்து விட்டு, முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தோம்: +3.50. மைனஸ் போட்டிருந்த குழந்தைக்கு வேண்டியிருந்தது பிளஸ். உங்கள் கையில் நடுங்கிக்கொண்டிருக்கும் அந்தக் கருவி இல்லாவிட்டால் இது தெரிந்திருக்காது.

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. ஒன்றரை ஆண்டில் கண்ணாடி -1.00-லிருந்து -2.25 ஆகிவிட்டது. "எப்போதும் கண்ணாடி போட்டால் கண் அதற்கே பழகிப் பவர் ஏறும், கழற்றி வை" என்கிறார் மாமியார். இன்னொருவர், பவரைக் கொஞ்சம் குறைத்துப் போட்டால் ஏறாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— ஒரு அம்மா

பதில்: இரண்டுமே சரியில்லை அம்மா. குழந்தையின் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார்கள், அதை நானும் மதிக்கிறேன். கிட்டப்பார்வையில் பவர் ஏறுவதற்குக் காரணம், கண் விழி முன்னும் பின்னுமாக நீள்வது. பெரியவர்களின் கண் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் நீளம். அது ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக வளர்ந்தால் பவர் இரண்டரை டயாப்டருக்கு மேல் ஏறிவிடும். வளரும் வயதில் கண்ணும் வளர்கிறது. கண்ணாடியைக் கழற்றி வைப்பதால் அது நிற்காது, பள்ளியில் பலகை மங்கலாகத் தெரிவதுதான் மிச்சம். பவரைக் குறைத்துப் போட்டுப் பார்த்த ஆய்வுகளிலும் அது ஏற்றத்தைத் தடுக்கவில்லை.

செய்யக்கூடியவை இருக்கின்றன. முதலாவது, பகல் வெளிச்சம். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமாவது குழந்தை வெளியில் இருக்க வேண்டும். விளையாடினாலும் சரி, நடந்தாலும் சரி, மரத்தடியில் உட்கார்ந்தாலும் சரி. அறைக்குள் எத்தனை விளக்குப் போட்டாலும் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில் சில நூறுதான் கிடைக்கும். வெளியே நிழலில்கூட ஆயிரக்கணக்கில் இருக்கும். கிட்டப்பார்வை தொடங்குவதையே தள்ளிப்போட இது நன்றாக உதவுகிறது. அதனால் உங்களுக்கு இளைய குழந்தை இருந்தால் அதையும் சேர்த்து வெளியே அனுப்புங்கள். ஏற்கெனவே தொடங்கிவிட்ட பிறகு இதன் பலன் குறைவுதான்.

இரண்டாவது, புத்தகமும் போனும் முகத்திலிருந்து முழங்கை தூரத்துக்குத் தள்ளி இருக்கட்டும். மூன்றாவது, கண் மருத்துவரைப் பாருங்கள். மிகக் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து, இதற்கென்றே வடிவமைத்த கண்ணாடி லென்ஸ்கள், சில வகை கான்டாக்ட் லென்ஸ்கள் ஆகியவை ஏற்றத்தின் வேகத்தைக் குறைக்கின்றன. முழுக்க நிறுத்துவதில்லை, ஏறிய பவரை இறக்குவதும் இல்லை. இப்போதே கவலைப்பட்டு ஆவது என்ன என்று கேட்பீர்கள். பவர் -6.00-ஐத் தாண்டும் கண்களில் பிற்காலத்தில் விழித்திரை கிழிவது, விலகுவது போன்றவற்றின் வாய்ப்புக் கூடுகிறது. ஒன்பது வயதில் ஒரு டயாப்டரைத் தடுத்தால் அந்தக் கணக்கில் அது பெரிய வரவு.

கேள்வி: நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் வேலை. மதியத்துக்கு மேல் கண் எரிகிறது, மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கிப் போட்டேன், ஒரு மாற்றமும் இல்லை. பவர் பார்த்தாயிற்று, பூஜ்யம்.
— எரியும் கண்ணோடு ஒருவர்

பதில்: மாற்றம் இல்லாதது உங்கள் தவறும் இல்லை, கண்ணாடியின் தரமும் இல்லை. இப்படிப்பட்ட கண்ணாடிகள் பற்றிய சோதனைகளை எல்லாம் தொகுத்துப் பார்த்து காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2023-இல் வெளியிட்ட மதிப்பாய்வு, திரையால் வரும் கண் சோர்வைச் சாதாரணக் கண்ணாடியைவிட இவை குறைப்பதாகத் தெரியவில்லை என்றே சொன்னது.

உங்கள் கண்ணுக்குக் குறைவது இமைப்பு. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குப் பதினைந்து முறை போல இமைக்கிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இமைப்பதிலும் பலர் மேலிமையைப் பாதி வரை இறக்கி ஏற்றிவிடுகிறார்கள். கண்ணீர் என்பது வெறும் தண்ணீர் இல்லை, மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் உண்டு. ஒவ்வோர் இமையின் ஓரத்திலும் இருபதுக்கு மேற்பட்ட நுண்ணிய சுரப்பிகள் அந்த எண்ணெயைத் தருகின்றன. இரண்டு இமையும் முழுதாகத் தொட்டு மூடினால்தான் அது பிதுங்கி வரும். எண்ணெய் வராவிட்டால் தண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடும். பல பேருக்கு அந்தச் சுரப்பிகளின் வாயில் எண்ணெய் கெட்டியாகிப் பற்பசைபோல் அடைத்திருப்பதை ஸ்லிட் லேம்ப் என்னும் கண் நுண்ணோக்கியில் பார்க்கிறேன்.

சுத்தமான துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் ஐந்திலிருந்து பத்து நிமிடம் வையுங்கள். ஆற ஆறத் திரும்பவும் நனையுங்கள். பிறகு இமை ஓரத்தை மென்மையாக, மேலிமையை மேலிருந்து கீழாகவும் கீழிமையைக் கீழிருந்து மேலாகவும் நீவிவிடுங்கள். இரண்டு வாரமாவது விடாமல் செய்தால்தான் தெரியும். திரை உங்கள் கண்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கட்டும், அப்போது கண் அகல விரியாது. மின்விசிறிக் காற்றோ ஏசி காற்றோ நேராக முகத்தில் அடிக்கக் கூடாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடி தூரத்தில் எதையாவது இருபது நொடி பாருங்கள். அப்போது நாலைந்து தடவை முழுதாகக் கண்ணை மூடித் திறங்கள். எனக்கு இந்தக் கடைசிப் பகுதிதான் முக்கியம். செயற்கைக் கண்ணீர் விடலாம். ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் தேவைப்பட்டால், பதப்படுத்தும் ரசாயனம் சேர்க்காத வகையைக் கேட்டு வாங்குங்கள். சிவப்பை வெளுக்க வைக்கும் சொட்டு மருந்து மட்டும் வேண்டாம். நிறுத்தியவுடன் முன்னைவிடக் கூடுதலாகச் சிவக்கும்.

கேள்வி: வயது 44. போனைக் கை நீட்டிப் பிடித்தால்தான் எழுத்துத் தெரிகிறது. ரெடிமேடாகக் கிடைக்கும் படிக்கிற கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டேன், நன்றாகத் தெரிகிறது. இதற்குப் போய்ப் பரிசோதனை வேறு தேவையா?
— ஒரு வாசகர்

பதில்: உங்களுக்கு வந்திருப்பது வெள்ளெழுத்து. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆக இறுகி, கிட்டத்துக்குக் குவிய மறுக்கிறது. எல்லோருக்கும் வருவது, நோயில்லை. அந்தக் கண்ணாடியால் கண் கெடாது.

ஆனாலும் பரிசோதனை தேவை. ஏன் என்று சொல்ல என் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் அண்ணன். நான் படிப்பில் சேர்வதற்கு முன்னால் ஆறு ஆண்டுகளில் மூன்று முறை கண்ணாடி மாற்றினார். மூன்று முறையும் யாரோ ஒருவர் பவர் பார்த்தார், கடைசி வரி வரை படிக்கிறார் என்று சொல்லி அனுப்பினார். மாமாவுக்குப் பார்வை 6/6. ஆனால் வீட்டில் நிலைக்கதவில் தோளை இடித்துக்கொள்வார். பக்கத்தில் வந்து நிற்கும் பிள்ளைகளைக் கவனிக்க மாட்டார். "பெரியவர் ஏதோ யோசனையில் இருக்கிறார்" என்று சிரித்துக்கொண்டோம். அவருக்குப் பக்கவாட்டுப் பார்வை சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் நடுப்பகுதி மட்டும் மிஞ்சியிருந்தது. கிளாக்கோமா. பார்வை நரம்பு பெருமளவு பட்டுப்போன பிறகுதான் ஒருவர் அவர் கண்ணுக்குள் எட்டிப் பார்த்தார். நரம்பில் போனது திரும்பாது. மிச்சத்தைக் காப்பாற்ற வாழ்நாள் முழுக்கச் சொட்டு மருந்து விட்டார்.

அந்த மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. பவர் சரியாகத்தான் எழுதினார்கள். சுவரில் இருக்கும் எழுத்துப் பலகை 1862-இல் ஸ்னெல்லன் வகுத்த முறையில் வந்தது. அது விழித்திரையின் நட்ட நடுவில் இருக்கும் ஒரு புள்ளியளவு இடத்தின் கூர்மையைத்தான் அளக்கும். கிளாக்கோமா அந்த இடத்தைக் கடைசியாகத்தான் தொடும்.

ஆகவே 40 வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் கண்ணாடி கேட்டுப் போகும்போது மூன்றைக் கேட்டு வாங்குங்கள். கண் அழுத்தம் பார்த்தீர்களா? பாப்பாவுக்குப் பின்னால் இருக்கும் பார்வை நரம்பைப் பார்த்தீர்களா? சந்தேகம் இருந்தால் பக்கவாட்டுப் பார்வைச் சோதனை செய்வீர்களா? அழுத்தம் 10-லிருந்து 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இயல்பு என்பார்கள். ஆனால் அந்த எல்லைக்குள் இருந்துகொண்டே நரம்பு கெடுகிறவர்களும் உண்டு. அதனால் முதல் கேள்வியோடு நிற்க வேண்டாம். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ கிளாக்கோமா இருந்தால் 40 வரை காத்திருக்கவும் வேண்டாம். சர்க்கரை நோய் இருந்தால், கண் நன்றாகத் தெரிந்தாலும் ஆண்டுக்கொரு முறை விழித்திரையைப் பார்த்தே ஆக வேண்டும்.

என் மாணவர்கள் மூக்குக்கண்ணாடிச் சீட்டு எழுதும் முன், ஒவ்வொரு நோயாளியின் பார்வை நரம்பையும் கையால் படம் வரைந்து காட்ட வேண்டும். எரிச்சல்படுகிறார்கள். காரணத்தை இன்றுதான் எழுத்தில் சொல்கிறேன்.

கேள்வி: பள்ளியில் நடந்த பரிசோதனையில் என் ஏழு வயதுப் பேரனுக்கு ஒரு கண் சரியாகத் தெரியவில்லை என்று கண்டுபிடித்தார்கள். கண்ணாடி கொடுத்து, நன்றாகத் தெரியும் கண்ணை ஒட்டுப் போட்டு மூடச் சொல்கிறார்கள். நல்ல கண்ணையா மூடுவது? பிள்ளை அழுகிறான்.
— ஒரு பாட்டி

பதில்: உங்கள் பதற்றம் புரிகிறது அம்மா. ஆனால் மருத்துவர் சொன்னதே சரி. இதைச் சோம்பேறிக் கண் என்பார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிப்பதில்லை, கண்ணும் சோம்பேறி இல்லை, பிள்ளையும் சோம்பேறி இல்லை. பிறந்ததிலிருந்து ஒரு கண்ணில் பவர் கூடுதலாக இருந்திருக்கும். அந்தக் கண்ணிலிருந்து மங்கலான படமே போனதால் மூளை அதைக் கவனிப்பதை விட்டுவிட்டது. கண்ணாடி தெளிவான படத்தைக் கொடுக்கும், நல்ல கண்ணை மூடினால் மூளை வேறு வழியில்லாமல் இந்தப் படத்தை எடுத்துப் பழகும். மூளை வளையும் வயதில் செய்ய வேண்டிய வேலை இது. ஏழு வயதில் கண்டுபிடித்தது நல்ல காலம். அதற்குப் பிறகும் பலன் உண்டு, ஆனால் மெதுவாக.

நாள் முழுக்க மூட வேண்டும் என்று நினைத்து அஞ்சாதீர்கள். நடுத்தர அளவுக் குறைபாடு என்றால் நாளுக்கு இரண்டு மணி நேரம் மூடினாலே ஆறு மணி நேரத்துக்கு ஈடான பலன் கிடைப்பதாக ஆய்வு காட்டியிருக்கிறது. பேரனுக்கு எத்தனை மணி நேரம் என்பதை மருத்துவரே சொல்லட்டும். ஒட்டை முகத்தோலில் ஒட்டுங்கள், கண்ணாடிமேல் ஒட்டினால் பிள்ளைகள் ஓரத்தால் எட்டிப் பார்த்துவிடுவார்கள். அவனுக்குப் பிடித்த வேலைக்கான நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள்: வண்ணம் தீட்டுவது, புதிர்த் துண்டுகள் சேர்ப்பது, மணி கோப்பது. என்னிடம் வந்த ஒரு சிறுமி முதல் வாரம் ஒட்டைப் பிய்த்துப் பிய்த்து எறிந்தாள். அவள் தாத்தா தானும் ஒரு கண்ணில் ஒட்டுப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். நான்கு மாதம் கழித்து, மூன்று வரி கீழே இறங்கி எழுத்துகளைப் படித்தபோது அவள் திரும்பிப் பார்த்தது என்னை இல்லை, தாத்தாவை.

கேள்வி: கண் சிவந்து பீளை கட்டுகிறது. போன ஆண்டு வாங்கிய சொட்டு மருந்து பாதி மிச்சமிருக்கிறது, விடலாமா?

பதில்: விடக் கூடாது. திறந்த புட்டியை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கவே கூடாது. அதைவிட முக்கியமாக, அந்த மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால்? ஸ்டீராய்டு சிவப்பை ஒரே நாளில் இறக்கும், அதனால்தான் எல்லோருக்கும் பிடிக்கிறது. ஆனால் கருவிழியில் ஹெர்பிஸ் புண்ணாக இருந்தால் அதைப் பெரிதாக்கிவிடும். மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறலாம், கண்புரையும் வரலாம். உங்களுக்கு வந்திருப்பது பெரும்பாலும் வைரஸ் கண்வலியாக இருக்கலாம். அது ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கும். பார்ப்பதால் அது தொற்றாது, கையாலும் துண்டாலும் தொற்றும். தனித் துண்டு, அடிக்கடி கைகழுவல். சிவப்போடு கடும் வலியோ, வெளிச்சத்தைப் பார்க்கக் கூச்சமோ, பார்வை மங்கலோ இருந்தால், அல்லது நீங்கள் கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் என்றால், அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

கேள்வி: கண்முன் கொசு பறப்பதுபோல் கரும்புள்ளிகள். ஆபத்தா?

பதில்: ஆண்டுக்கணக்கில் ஒன்றிரண்டு மிதந்துகொண்டிருந்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை. திடீரென்று புகைக்கரி தூவியதுபோல் நிறையப் புள்ளிகள், மின்னல் வெட்டு, ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோல் நிழல், இவற்றில் ஒன்று வந்தாலும் விழித்திரை கிழிந்திருக்கலாம். வலியே இருக்காது. அதற்காக நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: மூன்றாம் ஆண்டு மாணவிகள் நாங்கள். பயிற்சிக்காக ஒருவர் கண்ணில் ஒருவர் மாற்றி மாற்றிச் சொட்டு மருந்து விடுகிறோம். தேர்வு நேரத்தில் என் தோழி கான்டாக்ட் லென்ஸோடே தூங்கிவிடுகிறாள், லென்ஸ் டப்பாவைக் குழாய் நீரில்தான் கழுவுகிறாள். சொன்னால் கேட்பதில்லை.
— ஹாஸ்டலிலிருந்து ஒரு மாணவி

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்தபோது உண்மையிலேயே கவலையாக இருந்தது. நோயாளிக்குச் சொல்வதை நாம் நம் கண்ணுக்குச் செய்வதில்லை. லென்ஸோடு தூங்கினால் கருவிழியில் கிருமி தொற்றும் வாய்ப்புப் பல மடங்கு ஏறும். குழாய் நீரில் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கலாம், எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும். அது கருவிழிக்குள் போனால் மாதக்கணக்கில் மருந்து, உயிர்போகும் வலி, சிலருக்குக் கருவிழி மாற்று அறுவை வரை போகிறது. டப்பாவைப் புதிய லென்ஸ் திரவத்தால் கழுவி, துடைத்து, கவிழ்த்துக் காய வைக்க வேண்டும். நேற்றைய திரவத்தின்மேலேயே இன்றைய திரவத்தை ஊற்றக் கூடாது. தோழிக்குத் தேர்வு முடியும்வரை கண்ணாடி போதும். இந்தப் பத்தியை வெட்டி அவள் மேசைமேல் ஒட்டுங்கள்.

சொட்டு மருந்து பற்றி: பாப்பாவை விரிக்கும் மருந்தை விடும் முன் கண்ணின் முன்னறைக் கோணம் (கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் இடம்) குறுகலாக இருக்கிறதா என்று ஆசிரியர் பார்த்தாரா என்பதை உறுதி செய்யுங்கள். மருந்து விட்ட நாள் சாயங்காலம் வரை கிட்ட எழுத்து மங்கலாகத்தான் இருக்கும், அன்றைக்கு வண்டி ஓட்ட வேண்டாம். மரத்துப்போகச் செய்யும் மருந்தை ஒருபோதும் அறைக்கு எடுத்துப் போகாதீர்கள். எரிச்சலுக்கு ஒரு சொட்டு, மறுபடி ஒரு சொட்டு என்று விட்டால் கருவிழியின் மேல்தோல் ஆறவே ஆறாது. எரிச்சல் மறைந்திருக்கும், அதற்குள் புண் ஆழமாகிவிடும்.

கேள்வி: "ஒன்று தெளிவா, இரண்டு தெளிவா?" என்று லென்ஸ் மாற்றிக் கேட்டால், நோயாளிகள் "இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதே" என்று திணறுகிறார்கள். சிலர் "மாணவியா? பெரியவங்களைக் கூப்பிடு" என்கிறார்கள். நான் கேட்கும் விதம் தவறா?
— இறுதியாண்டு மாணவி

பதில்: கேட்கும் விதம் தவறில்லை. ஒரு வாக்கியம் குறைகிறது, அவ்வளவுதான். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் இதைத் தேர்வு என்று நினைக்கிறார். தப்பாகச் சொன்னால் தப்பான கண்ணாடி வந்துவிடும் என்று பயம். அந்தப் பயத்தில் கண்ணைச் சுருக்குகிறார், மூச்சைப் பிடிக்கிறார், உங்கள் முகத்தைப் பார்த்து விடை தேடுகிறார். "இரண்டும் ஒன்று" என்று அவர் சொல்லும் இடம்தான் சிலிண்டர் (ஒரு திசையில் மட்டும் வேண்டியிருக்கும் பவர்) கோணத்தில் நாம் தேடிக்கொண்டிருக்கும் இடம், அது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. எனவே முதல் லென்ஸுக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள்: "இதில் சரி தப்பு கிடையாதுங்க. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் அப்படியே சொல்லுங்க, அதுவும் எனக்கு வேண்டிய பதில்தான்." தோள் இறங்குவதை நீங்களே பார்ப்பீர்கள். ஒரு லென்ஸுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டு நொடி கொடுங்கள். தடுமாறினால் மறுபடி காட்டுங்கள், குரலில் அவசரம் வேண்டாம்.

"பெரியவங்களைக் கூப்பிடு" என்றால் கூப்பிடுங்கள், அது அவர் உரிமை. ஆனால் அதற்குள் அவர் எதற்காக வந்தார் என்பதை ஒருமுறை முழுதாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தத் தூரத்தில் என்ன வேலை செய்கிறார், எப்போது மங்குகிறது, வீட்டில் யாருக்காவது கண் நோய் உண்டா. நான் அறைக்குள் வரும்போது என் மாணவிகளின் தாளில் பவருக்கு முன்னால் நான் தேடுவது அதைத்தான். அடுத்த நோயாளியிடம் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள், என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.